ஓடி முடித்த குதிரைக்கும் ஒரு பங்கு

நியூயார்க் மாநிலத்தில் பிறந்த ஒரு குதிரை பந்தயத்தில் ஜெயித்தால், பரிசுப் பணம் போக இன்னொரு காசோலையும் எழுதப்படுகிறது. அது குதிரையின் இன்றைய உரிமையாளருக்குப் போவதில்லை. குட்டி விழுந்த அன்று அதன் தாய் யாருடையதாக இருந்ததோ, அவருக்குப் போகிறது. குட்டியை அவர் ஒரு வயதிலேயே ஏலத்தில் விற்றிருப்பார். அதற்குப் பெயர் வைத்தவர்கூட வேறு ஆளாக இருக்கும். ஆனாலும் அந்தக் குதிரை முன்னால் வந்து சேரும்போதெல்லாம் ஈன்ற இடத்துக்கு ஒரு பங்கு உண்டு. தகப்பன் குதிரையும் இதே மாநிலத்தில் நிற்பதாக இருந்தால் தொகை கூடும். பொலிகுதிரை வைத்திருப்பவருக்கும் தனியாக ஒரு பங்கு கிடைக்கும்.

இதற்காக மாநிலச் சட்டப்படி 1973-இல் ஒரு நிதியம் ஏற்படுத்தினார்கள். பந்தயத்தில் கட்டப்படும் பணத்தில் ஒரு சிறு பங்கும், சூதாட்டக் கூடங்களின் வீடியோ லாட்டரி எந்திரங்கள் ஈட்டுவதில் ஒரு பங்கும் அதில் சேர்கின்றன. இந்தப் பணத்தையும், பந்தயப் பரிசுகளுக்குப் போகும் லாட்டரிப் பணத்தையும் நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுங்கள் என்ற குரல் தலைநகர் ஆல்பனியில் சில ஆண்டுகளாக உரத்துக் கேட்கிறது. நிறுத்தக் கூடாது என்பது என் கட்சி. ஆனால் இன்று கொடுக்கப்படும் விதத்தில் அப்படியே தொடரவும் கூடாது.

நான் கால்நடை மருத்துவர். தாராபுரம் பக்கம் பிறந்து, நாமக்கல் கல்லூரியில் படித்து, கல்யாணமாகி இங்கே வந்து, இங்குள்ள தேர்வுகளை மறுபடி எழுதித் தேறி, சரடோகா வட்டாரத்தில் பெரிய கால்நடைகளைப் பார்க்கிறேன். மாடும் குதிரையும்தான் என் பிழைப்பு. பந்தயத்தில் ஒரு டாலர் கட்டியதில்லை. ஆகவே பந்தயத்துக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் நினைக்க வேண்டாம்.

தமிழ்நாட்டு வாசகருக்குக் 'குதிரை ரேஸ்' என்றதும் முகம் சுளிக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சுளிப்பில் நியாயம் இருக்கிறது. ரேசில் சொத்தை இழந்து நடுத்தெருவுக்கு வந்த குடும்பங்களின் கதை கேட்காத தெரு சென்னையில் இருந்திருக்காது. 1974-இல் கலைஞர் அரசு ரேசை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. அதன் நினைவாக நிறுத்தப்பட்டதுதான் ஜெமினி மேம்பாலத்தருகே திமிறும் குதிரையை மனிதன் பிடித்து அடக்கும் அந்தச் சிலை. பிறகு 1996-இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டத்தை நம்பிய சூதல்ல, திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பளித்தது. சட்டம் ஒரு பக்கமும் சிலை ஒரு பக்கமுமாக நிற்கின்றன. நான் சொல்ல வந்தது பந்தயச் சீட்டு வாங்குகிறவரைப் பற்றியதல்ல. அந்தச் சீட்டுக்குப் பின்னால், பல மைல் தள்ளி, புல்வெளியில் நிற்கும் சினைக் குதிரையைப் பற்றியது.

குதிரைக்குச் சினைக்காலம் ஏறக்குறைய பதினொரு மாதம். பந்தயக் குதிரைகள் எந்தத் தேதியில் பிறந்தாலும் வட அமெரிக்கப் பதிவேட்டில் ஜனவரி 1 அன்றுதான் ஒரு வயது கூடும். மே மாதம் பிறந்த குட்டியும் பிப்ரவரியில் பிறந்த குட்டியும் ஒரே வயதாகக் கருதப்பட்டு ஒன்றோடொன்று ஓட வேண்டும். அதனால் எல்லாருக்கும் குட்டி சீக்கிரம் விழ வேண்டும். டிசம்பரிலிருந்தே லாயத்தில் விளக்குப் போட்டுப் பகலை நீட்டுகிறார்கள். வெளிச்சம் நீண்டால் தாய்க்குதிரையின் உடம்பு வசந்தம் வந்துவிட்டதாக எண்ணிப் பருவத்துக்கு வரும். இதன் விளைவு, சரடோகாவின் பெரும்பாலான பிரசவங்கள் தண்ணீர்த்தொட்டி உறைந்து கிடக்கும் மாதங்களில், நடுச்சாமத்தில் நடக்கின்றன.

அந்த நேரத்தில் யார் விழித்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் இந்த ஊக்கத்தொகை எங்கே போய்ச் சேருகிறது என்பது விளங்கும். இரவுக் காவலுக்கு ஒருவர் இருப்பார். பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்தோ குவாத்தமாலாவிலிருந்தோ வந்தவர். பால்காம்பில் மெழுகு போலத் துளி கட்டியிருக்கிறதா, வால் அடியில் தசை தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். குதிரைக்குப் பிரசவம் தொடங்கினால் மாடு போல மணிக்கணக்கில் நீளாது. பனிக்குடம் உடைந்து அரை மணிக்குள் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். வராவிட்டால் அந்த அரை மணிதான் எங்களுக்கு. குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் தாய்க்கு நஞ்சுக்கொடி விழ வேண்டும். குதிரைக்குட்டி தாயின் வயிற்றிலிருந்து நோய் எதிர்ப்புச் சக்தி எதையும் கொண்டுவருவதில்லை, எல்லாம் சீம்பாலில்தான். சீம்பால் போதாத குட்டிக்கு, வேறு குதிரையிடம் கறந்து உறையவைத்த சீம்பாலை வெந்நீரில் இளக்கிக் குழாய் வழியாகக் கொடுக்கிறோம். மறுநாள் ரத்தம் எடுத்து அது உடம்பில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறோம். அந்தக் குட்டி பந்தயத் தரையை மிதிக்க இன்னும் குறைந்தது இரண்டு ஆண்டு ஆகும். நிறையக் குட்டிகள் மிதிக்கவே மிதிக்காது.

இந்தச் செலவெல்லாம் வளர்ப்பவர் தலையில். உலர்புல், தானியம், லாடம் அடிப்பவர் கூலி, என்னைப் போன்றவர்களின் கட்டணம், தொழிலாளர் சம்பளம். நியூயார்க்கில் பண்ணைத் தொழிலாளர்களுக்கு மிகைநேர ஊதியம் கணக்கிடும் வரம்பு படிப்படியாகக் குறைந்து 2032-இல் வாரத்துக்கு 40 மணி நேரம் ஆகப்போகிறது. அது கொடுக்கப்பட வேண்டிய கூலி. என்றோ கொடுத்திருக்க வேண்டும். கொடுப்பதற்குப் பண்ணை இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை. சரடோகா மாவட்டத்தில் நிலத்துக்கு இன்று குதிரையை விட நல்ல விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மால்டாவில் குளோபல்ஃபவுண்டரிஸின் சிப் ஆலை வந்த பிறகு குடியிருப்புகள் ஒவ்வொரு பக்கமாக நீண்டுகொண்டே வருகின்றன. ஒரு புல்வெளி மனையாகப் போனால் அது மறுபடி புல்வெளியாக ஒருநாளும் திரும்பாது. எங்கள் ஊரில் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைக் காத்தது காங்கேயம் மாடு. மாடு போன தோட்டத்தில் கொளுக்கட்டைப் புல்லும் வெள்வேலமும் கிளுவை வேலியும் யார் கண்ணுக்கும் தேவையற்றதாகிவிட்டதை அப்பா இருந்தபோதே பார்த்தேன். இங்கே அந்த வேலையைச் செய்வது சினைக்குதிரை.

இன்னொரு விஷயத்தையும் நம் ஊர் வாசகருக்குச் சொல்ல வேண்டும். மாட்டுக்குச் சினை ஊசி போடப் பழகியவர்கள் நாம். காளை எங்கோ ஒரு நிலையத்தில் நிற்கும், அதன் விந்து உறைந்த குச்சியில் ஊர் ஊராகப் போகும். தரோபிரெட் பந்தயக் குதிரைக்கு அது ஆகாது. சினை ஊசியில் பிறந்த குட்டியைப் பதிவேட்டில் ஏற்க மாட்டார்கள். தாய்க்குதிரை நேரில் வண்டியேறிப் பொலிகுதிரை நிற்கும் பண்ணைக்குப் போயாக வேண்டும். பொலிகுதிரை ஒரு மாநிலத்தில் நின்றால், அதைச் சுற்றி நூறு தாய்க்குதிரைகளின் போக்குவரத்து, தங்குமிடம், தீவனம், மருத்துவம் எல்லாம் வந்து சேரும். அது மாநிலம் மாறிப் போனால் இவை எல்லாமும் அதன் பின்னாலேயே போய்விடும். உள்ளூர்ப் பொலிகுதிரையின் குட்டிக்குக் கூடுதல் தொகை என்று நிதியம் விதி வைத்ததன் காரணம் இதுதான். சட்டம் எழுதியவர்களுக்குத் தொழில் தெரிந்திருந்தது.

ஊக்கத்தொகை என்ன செய்யும் என்பதற்கு எல்லாரும் காட்டும் சான்று ஃபன்னி சைட். 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில், சரடோகா ஸ்பிரிங்ஸில் மக்மேன் குடும்பத்தின் பண்ணையில் விழுந்த குட்டி. சாக்கெட்ஸ் ஹார்பர் என்ற சின்ன ஊரில் பள்ளித் தோழர்களாக இருந்தவர்கள் தொடங்கிய ஒரு கூட்டு அதை 75,000 டாலருக்கு வாங்கியது. 2003-இல் அது கென்டக்கி டெர்பியை ஜெயித்தது. நியூயார்க்கில் பிறந்த ஒரு குதிரை டெர்பியை ஜெயித்தது அதுவே முதல் முறை. உரிமையாளர்கள் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பந்தயத்துக்குப் போனார்கள். இரண்டு வாரம் கழித்து பிரீக்னெஸ் பந்தயத்தில் அது ஒன்பதே முக்கால் குதிரை நீளம் முன்னால் வந்தது. அதே கூட்டு 2018-இல் வாங்கிய டிஸ் த லா, 2020-இல் பெல்மான்ட் பந்தயத்தை ஜெயித்தது. அந்தப் பந்தயத்தில் நியூயார்க் குதிரை கடைசியாக ஜெயித்தது 1882-இல்.

இந்தக் கதையை மேடைகளில் சொல்பவர்கள் ஒரு பகுதியை விட்டுவிடுகிறார்கள். ஃபன்னி சைடின் வளர்ப்பாளராகப் பதிவேட்டில் இருப்பது கென்டக்கியின் வின்ஸ்டார் பண்ணை. தகப்பன் டிஸ்டார்டட் ஹியூமரும் கென்டக்கியில் நின்ற குதிரை. தாய் இங்கே வந்து குட்டி போட்டது. குட்டி நியூயார்க் குதிரை ஆயிற்று. ஊக்கத்தொகையை எதிர்ப்பவர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்: பணக்காரக் கென்டக்கிப் பண்ணை ஒன்று பிரசவத்துக்கு மட்டும் இங்கே வந்து எங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு போவதா என்று.

கேள்வி சரியானது. ஆனால் அந்த மக்மேன் பண்ணையில் பிரசவம் பார்த்தவர்கள், வைக்கோல் விற்றவர், மருத்துவம் பார்த்தவர் எல்லாரும் இந்த மாநிலத்துக்காரர்கள். வெளியூர்ப் பணம் உள்ளே வந்திருக்கிறது. தாய்க்குதிரை மாநிலத்தில் குறிப்பிட்ட காலம் தங்க வேண்டும், அல்லது இங்குள்ள பொலிகுதிரையோடு சேர்க்கப்பட வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் இருக்கின்றன. அவற்றை இன்னும் இறுக்கலாம். ஆண்டு முழுவதும் இங்கேயே நிற்கும் தாய்க்குதிரையின் குட்டிக்கு ஒரு விகிதம், பிரசவத்துக்கு மட்டும் வந்து போகிறதற்கு அதைவிடக் குறைந்த விகிதம் என்று பிரித்தால் எனக்குச் சம்மதமே. அதற்காக மொத்தத் தொகையையும் நிறுத்துவது வேறு கதை.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில் பார்த்தோம். அட்லாண்டிக் சிட்டிக் கேசினோக்கள் பந்தயத் திடல்களுக்கு ஆண்டுக்கு 30 மில்லியன் டாலர் கொடுத்துவந்தன. ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி காலத்தில் அது நின்றது. பக்கத்தில் பென்சில்வேனியாவில் 2004-இல் வந்த சட்டத்தால் ஸ்லாட் எந்திரப் பணம் குதிரைகளுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. நியூஜெர்சிப் பொலிகுதிரைகள் பல எல்லை தாண்டிப் போயின. தாய்க்குதிரைகளும் பின்னாலேயே போயின. பிறகு 2019-இல் அதே மாநிலம் ஆண்டுக்கு 20 மில்லியன் டாலர் வீதம் ஐந்தாண்டுக்குக் கொடுக்க முன்வந்தது. பரிசுத்தொகையை ஒரே ஆண்டில் உயர்த்திவிட முடியும். கலைந்துபோன தாய்க்குதிரைக் கூட்டத்தை அப்படிக் கூட்டிவர முடியாது. ஒரு குட்டிக்குத் திட்டமிட்டு, அது பந்தயத்தில் ஓடிக் காட்ட நான்கு ஆண்டு போய்விடும். அரசாங்கத்தின் மனம் அதற்குள் மாறிவிடும் என்று பயந்தால் யாரும் குதிரையைச் சினைப்படுத்த மாட்டார்கள். பென்சில்வேனியாவில்கூட 2020-இல் ஆளுநர் டாம் வுல்ஃப், குதிரை நிதியிலிருந்து 200 மில்லியன் டாலரை எடுத்துக் கல்லூரி உதவித்தொகைக்குக் கொடுக்கலாம் என்றார். அது நடக்கவில்லை. ஆனால் அந்த அறிவிப்பு வந்த வசந்தத்தில் சினைப்படுத்தும் முடிவைத் தள்ளிப்போட்டவர்கள் இருந்திருப்பார்கள். நான் அவர்களிடத்தில் இருந்தால் தள்ளிப்போட்டிருப்பேன்.

மொத்த நாட்டிலும் கதை சுருங்கிக்கொண்டுதான் இருக்கிறது. 1980-களின் நடுவில் அமெரிக்காவில் ஆண்டுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் பதிவான தரோபிரெட் குட்டிகள் இப்போது இருபதாயிரத்தைத் தொடுவதில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் எனக்கும் உறுத்தல் உண்டு. அக்விடக்ட் பந்தயத் திடலில் 2011-இல் திறந்த சூதாட்டக் கூடத்தின் முன் விடியற்காலையில் பேருந்திலிருந்து இறங்கும் வயதானவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய ஓய்வூதியத்தில் ஒரு சல்லி என் பண்ணைகளுக்கு வருகிறது என்பது எனக்குப் பெருமையில்லை. கென்டக்கி இதில் ஒரு நல்ல வழி கண்டிருக்கிறது. பொலிகுதிரையோடு சேர்ப்பதற்கு வாங்கும் கட்டணத்தின் மேல் 6 சதவீத விற்பனை வரி விதிக்கிறார்கள். வளர்ப்பாளர் ஊக்கநிதி அந்த வரியிலிருந்தே வருகிறது. அதில் 80 சதவீதம் தரோபிரெட்டுக்கு, 13 சதவீதம் வண்டி இழுத்து ஓடும் ஸ்டாண்டர்டுபிரெட்டுக்கு, மீதி மற்ற இனங்களுக்கு. தொழில் தன் காலிலேயே ஓரளவு நிற்கிறது. உலகத்தின் மிக விலையுயர்ந்த பொலிகுதிரைகள் நிற்கும் மாநிலத்துக்கு அது முடிகிறது. நியூயார்க்கின் பொலிக்கட்டணங்களை வைத்து அதே அளவு நிதி திரட்ட முடியாது. ஆனால் ஒரு பகுதியையாவது அப்படித் திரட்டத் தொடங்கினால், பள்ளிக்கூடத்தின் பணத்தைக் குதிரை தின்கிறது என்று சொல்பவர்களுக்கு நேரான பதில் கிடைக்கும்.

என் முக்கியமான குறை வேறு. இந்த ஊக்கத்தொகை முழுக்க முழுக்க வேகத்துக்கே கொடுக்கப்படுகிறது. ஜெயித்தால் பணம், அடுத்த இடங்களில் வந்தால் கொஞ்சம், பின்தங்கினால் இல்லை. ஜெயித்த குதிரை அதற்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று அந்தக் கணக்குப் புத்தகம் கேட்பதில்லை.

2023 ஆகஸ்ட் 5. சரடோகாவில் டெஸ்ட் ஸ்டேக்ஸ் என்ற உயர்தரப் பந்தயம். மேப்பிள் லீஃப் மெல் என்ற மூன்று வயதுச் சாம்பல் நிறப் பெண்குதிரை முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. நியூயார்க்கில் பிறந்தது. அதுவரை ஓடிய ஐந்திலும் ஜெயித்திருந்தது. எல்லைக் கோட்டுக்கு இன்னும் சில எட்டுகள்தான் இருந்தன. முன்னங்கால் முறிந்து விழுந்தது. ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருந்தபோதே திரை பிடித்து அதைக் கருணைக்கொலை செய்தார்கள். இந்த மாநிலத்தின் வளர்ப்புத் திட்டம் பெருமையோடு காட்டிக்கொள்ளக்கூடிய குதிரை அது. அந்தக் கோடைப் பருவத்தில் சரடோகாவில் இறந்த குதிரை அது ஒன்று மட்டுமல்ல.

ஐந்நூறு கிலோ உடம்பு பாய்ச்சலில் போகும்போது, ஒரு கணத்தில் ஒரே கால் தரையில் இருக்கும். அப்போது அந்தக் கால் உடல் எடையைப் போல இரு மடங்குக்கு மேல் தாங்குகிறது. முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது. எலும்பும் நாணும் மட்டும்தான். எலும்பு வேலைக்கு ஏற்றபடி தன்னை இறுக்கிக்கொள்ளும். இளவயதில் அளவாக ஓடிய எலும்பு பலம் பெறும் என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் இரண்டு வயதில் ஓடவிடுவதே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். கெடுதல் வருவது, நுண்ணிய விரிசல்கள் ஆறுவதற்குள் அடுத்த வேக ஓட்டம், அதற்கடுத்தது என்று அடுக்கும்போது. ஸ்கேனில் சந்தேகப்படும்படி ஒரு நிழல் தெரிந்தால், இரண்டு மாதம் புல்வெளியில் விடுங்கள் என்று நாங்கள் சொல்வோம். அந்த இரண்டு மாதத்தில் பரிசும் வராது, ஊக்கத்தொகையும் வராது. ஓய்வுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

2022 ஜூலையிலிருந்து நாடு முழுவதற்குமான பந்தயப் பாதுகாப்பு விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. மருந்துகளிலும் பரிசோதனைகளிலும் முன்னேற்றம் உண்டு. அவையெல்லாம் தப்புச் செய்தால் தண்டிக்கும் விதிகள். நல்லது செய்தால் கொடுப்பதற்கு மாநிலத்தின் கையில் இருக்கும் ஒரே கருவி இந்த ஊக்கத்தொகைதான். அதைக் குதிரையின் காலுக்காகப் பயன்படுத்தாமல் விட்டுவைத்திருக்கிறோம்.

முதலில் நான் நினைத்த வழி, ஐந்து ஆறு வயதிலும் ஓடும் குதிரையின் வளர்ப்பாளருக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பது. லாயங்களில் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, அப்படிச் செய்தால் களைத்துப்போன குதிரையையும் இழுத்துக்கொண்டு வந்து ஓடவிடுவார்கள், டாக்டரம்மா என்றார். உண்மை. குறைந்த விலைக்குக் கைமாறும் கிளெய்மிங் பந்தயங்களில், ஒரே பருவத்தில் இரண்டு மூன்று சொந்தக்காரர்களைப் பார்த்துவிடும் வயதான குதிரைகள் ஏற்கெனவே நிறைய. ஒவ்வொருவரும் அடுத்தவர் கைக்குப் போகும்வரை ஓடினால் போதும் என்று நினைக்கும் இடம் அது. எத்தனை முறை ஓடியது என்பதற்குப் பணம் வைத்தால் அந்தக் குதிரைகளுக்குத்தான் கேடு.

ஆகவே நான் கேட்பது, குதிரை நல்ல காலோடு ஓய்வு பெறும் நாளில் ஒரு தொகை. ஒவ்வொரு வெற்றிக்கும் எழுதப்படும் காசோலையிலிருந்து ஒரு பங்கைப் பிடித்து அந்தக் குதிரையின் பேரில் வைக்க வேண்டும். குதிரை பந்தயத்திலிருந்து விலகும்போது, சுயேச்சையான கால்நடை மருத்துவர் ஒருவர் பார்த்து, கால்கள் நலமாக இருக்கின்றன, சவாரிக்கோ சினைக்கோ புல்வெளிக்கோ போகத் தகுதியாக இருக்கிறது என்று எழுதித் தர வேண்டும். போய்ச் சேரும் இடமும் தெரிந்திருக்க வேண்டும். அப்போது பிடித்துவைத்த பங்கு மூன்றாகப் பிரியட்டும். ஒன்று ஈன்றவருக்கு, ஒன்று கடைசியாக ஓடவிட்ட உரிமையாளருக்கு, ஒன்று குதிரையை ஏற்றுக்கொள்ளும் இடத்துக்கு. கால் ஒடிந்து விழுந்தாலோ, போன இடம் தெரியாமல் போனாலோ, அந்தப் பங்கு யாருக்கும் கிடையாது. மறுவாழ்வுப் பண்ணைகளுக்குப் போகட்டும். இரண்டு மாத ஓய்வு வேண்டும் என்று நான் சொல்லும்போது அந்த ஓய்வுக்கும் ஒரு விலை பிறக்கும்.

நிர்வாகச் சிக்கல் என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. 2017 முதல் பிறந்த ஒவ்வொரு தரோபிரெட் குட்டிக்கும் கழுத்தில் மைக்ரோசிப் வைத்தால்தான் பதிவு. கருவியைக் கழுத்தருகே காட்டினால் எந்தக் குதிரை என்று தெரிந்துவிடும். நியூயார்க்கில் 2021 டிசம்பரில் ஆளுநர் கேத்தி ஹோக்கல் கையெழுத்திட்ட சட்டம், பந்தயக் குதிரைகளையும் வளர்ப்புக் குதிரைகளையும் இறைச்சிக்காகக் கொல்வதையும், அதற்காக விற்பதையும் ஏற்றிச் செல்வதையும் தடைசெய்கிறது. அமெரிக்காவின் கடைசிக் குதிரைக் கசாப்புக்கூடங்கள் 2007-இல் மூடப்பட்டாலும், லாரியில் ஏற்றிக் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் கொண்டுபோவது நின்றுவிடவில்லை. தடை இருக்கிறது. தடையை மதிப்பதால் ஒருவருக்குக் கையில் வரும் லாபம் எதுவும் இல்லை.

இந்த யோசனைக்கு வளர்ப்பாளர்களில் சிலர் கோபப்படுகிறார்கள். குட்டியை விற்ற பிறகு அதை எப்படி ஓடவிடுகிறார்கள் என்பது எங்கள் கையில் இல்லையே, அடுத்தவர் செய்கைக்கு எங்கள் பங்கைப் பிடிப்பதா என்கிறார்கள். குட்டி ஜெயிப்பதும் அவர்கள் கையில் இல்லைதான்; அதற்குப் பணம் வாங்கிக்கொள்கிறார்கள். மேலும் அவர்கள் கையில் நிறைய இருக்கிறது. எந்தப் பொலிகுதிரையோடு சேர்ப்பது என்று முடிவெடுப்பவர் வளர்ப்பாளர். இரண்டு வயதில் மின்னல் போல ஓடி மூன்று வயதில் காலைக் கெடுத்துக்கொண்டு, அந்த வேகத்தின் பேராலேயே பொலிக்கு நின்ற குதிரையைத் தேடுவதா, ஆண்டுக்கணக்கில் தாங்கி ஓடியதைத் தேடுவதா என்பது அவர் பொறுப்பு. குட்டியை ஏலத்துக்காகப் பளபளவென்று அறையில் அடைத்து வளர்ப்பதா, மேடு பள்ளமுள்ள புல்வெளியில் ஓடவிட்டு எலும்பை உரமாக்குவதா என்பதும் அவர் பொறுப்பு.

நியூயார்க்கின் மண்ணில் தாங்கும் குதிரை பிறக்காமல் இல்லை. ஃபோர்ஸ்டார்டேவ் 1987 முதல் 1994 வரை எட்டு ஆண்டு தொடர்ந்து, ஒவ்வோர் ஆண்டும் சரடோகாவில் குறைந்தது ஒரு பந்தயம் ஜெயித்தது. ஊர் அதைச் சரடோகாவின் சுல்தான் என்று கொண்டாடியது. அதன் பேரில் இன்றும் ஒரு பந்தயம் நடக்கிறது. ஃபன்னி சைடும் டெர்பியோடு நின்றுவிடவில்லை. ஏழு வயதில், 2007 ஜூலை 4 அன்று, மாநிலத்தின் மேற்கே ஃபிங்கர் லேக்ஸ் என்ற எளிய திடலில் தன் கடைசிப் பந்தயத்தை ஜெயித்துவிட்டு விலகியது. பிறகு அதன் பயிற்சியாளர் பார்க்ளே டேக் ஏறிப் போகும் குதிரையாக இருந்தது. அப்புறம் கென்டக்கிக் குதிரைப் பூங்காவில் குழந்தைகள் வந்து தடவிக்கொடுக்க நின்றது. 2023 ஜூலையில் இறக்கும்போது அதற்கு 23 வயது. இரண்டுமே காயடித்த குதிரைகள். பொலிக்கு நிறுத்திச் சம்பாதிக்க வழியில்லாததால், ஓடும்வரைதான் வருமானம். அப்படியும் அவற்றை நன்றாக வைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் செய்ததற்காக எந்த நிதியமும் அவர்களுக்கு ஒரு டாலர் கொடுத்ததில்லை.

நிதியத்தின் விகிதங்களை மாற்றுவது புதிய காரியமல்ல, பலமுறை மாற்றியிருக்கிறார்கள். அடுத்த முறை அந்த மேசையில் உட்காரும்போது வளர்ப்பாளர் சங்கத்தாரும் பந்தயத் திடல்காரர்களும் மட்டும் இருந்தால் போதாது. பிரசவ இரவில் காவல் இருப்பவர் ஒருவர், மறுவாழ்வுப் பண்ணை நடத்துபவர் ஒருவர், கால்களைப் படம் பிடித்துப் பார்க்கும் மருத்துவர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். பிடித்தம் எத்தனை சதவீதம் என்பதில் பேரம் பேசலாம். ஐந்து சதவீதத்தில் தொடங்கினாலும் நான் ஒப்புக்கொள்வேன். பள்ளிக்கூடத்துக்குக் கேட்பவர்களிடம், இந்தப் பணம் நிலத்தையும் வேலையையும் மட்டுமல்ல, குதிரையையும் காக்கிறது என்று நிமிர்ந்து சொல்ல அதன் பிறகாவது எங்களுக்கு வாய் இருக்கும்.